கொழும்பிலிருந்து ஐரோப்பியப் போட்டி அதிகாரசபைக்கு முறைப்பாடு: இந்தச் சேவை எதற்கு உதவும், எதற்கு உதவாது

நாலாம் குறுக்குத் தெருவில் கறுவா ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு ஹாம்பர்க், ரோட்டர்டாம், மார்செய் மூன்று இடங்களிலிருந்தும் ஒரே வாரத்தில் ஒரே விலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சி5 தரம், எஃப்ஓபி கொழும்பு (கொழும்பில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை). மூன்று மின்னஞ்சலிலும் சதம்கூடப் பிசகவில்லை. வாங்குபவர்கள் தங்களுக்குள் பேசிவைத்து நம் விலையை அமுக்குகிறார்கள் என்ற சந்தேகம் எழும்போது கொழும்பில் வழமையாகக் கிடைக்கும் ஆலோசனை, "பிரசல்ஸுக்கு எழுதிப் போடுங்கள்" என்பது. அது பாதிதான் சரி. ஐரோப்பியப் போட்டிச் சட்டத்தின் கருமபீடங்களில் பெரும்பாலானவை பிரசல்ஸில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளின் தேசியப் போட்டி அதிகாரசபைகளில், அதாவது நிறுவனங்கள் சந்தைப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் அரச அமைப்புகளில், இருக்கின்றன. பொருள் விற்கும் நம்மைப் போன்றவர்களின் பக்கத்திலிருந்து அந்தச் சேவையை எடைபோடுவதே இந்த விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பூட்டிய கதவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்க இந்த அதிகாரசபைகளைப் போல் வலுவான கருவி வேறில்லை. ஆனால் எந்தக் கதவு என்று நீங்கள் காட்டாவிட்டால் அவை அசைவது அரிது. போன பணத்தை மீட்டுத் தருவது அவற்றின் வேலையே அல்ல.

இவற்றின் அதிகாரத்துக்கு ஊற்று ஒன்றியத்தின் 1/2003 ஒழுங்குவிதி. 2004 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்பாடு பற்றிய உடன்படிக்கையின் 101ஆம், 102ஆம் உறுப்புரைகளை, அதாவது கூட்டுச்சதித் தடையையும் ஆதிக்க நிலைத் துஷ்பிரயோகத் தடையையும், பிரசல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணைக்குழு மட்டுமன்றி ஒவ்வொரு நாட்டு அதிகாரசபையும் நேரடியாகப் பிரயோகிக்கலாம் என்றாக்கியது இதுதான். அந்த ஒழுங்குவிதியின் ஐந்தாம் உறுப்புரை தேசிய அதிகாரசபைகளுக்கு நான்கு தீர்மானங்களைக் கொடுக்கிறது: மீறலை நிறுத்தக் கட்டளையிடலாம், இடைக்காலக் கட்டளை போடலாம், நிறுவனம் தரும் உறுதிமொழியை ஏற்றுக் கட்டுப்படுத்தலாம், தண்டம் விதிக்கலாம். ஐந்தாவதாக, தலையிடக் காரணம் இல்லை என்று கோப்பை மூடலாம்.

"மீறலே நடக்கவில்லை" என்று சான்றிதழ் கொடுக்க மட்டும் முடியாது. போலந்து அதிகாரசபை அப்படி ஒரு தீர்மானம் எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்த வழக்கில், 2011 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அதிகாரம் ஆணைக்குழுவுக்கு மட்டுமே உரியது என்று சொன்னது. ஆகவே ஐரோப்பிய விநியோகத்தரோடு ஏகபோக ஒப்பந்தம் எழுதிவிட்டு, "இது சட்டப்படி சரி" என்று ஒரு கடிதம் வாங்க இந்தக் கருமபீடத்துக்குப் போவதில் பயனில்லை. அதற்கு நல்ல சட்டத்தரணிதான் வேண்டும்.

எங்கே கொடுப்பது? ஆணைக்குழுவும் தேசிய அதிகாரசபைகளும் சேர்ந்த ஐரோப்பியப் போட்டி வலையமைப்புக்குள் வேலை பகிரும் விதி எளிமையானது. மீறலின் பாதிப்பு எந்த நாட்டுச் சந்தையில் விழுகிறதோ, சாட்சியம் எங்கே கிடைக்குமோ, யாருடைய கட்டளை அதை முழுதாக நிறுத்துமோ அந்த அதிகாரசபையே பொருத்தமானது. மூன்று நாடுகளுக்கு மேல் பரவியிருந்தால் ஆணைக்குழு பொருத்தம். கறுவா உதாரணத்தில் மூன்றே நாடுகள். எனவே ஜேர்மன், நெதர்லாந்து, பிரெஞ்சு அதிகாரசபைகள் இருக்கும் பான், டென் ஹாக், பாரிஸ் மூன்றில் ஒன்றில் தொடங்கலாம். ஓர் அதிகாரசபை முதல் முறையான விசாரணை நடவடிக்கையை ஆணைக்குழுவுக்கு அறிவித்தாக வேண்டும். மீறலை நிறுத்தும் தீர்மானம் எடுப்பதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னர் திரும்பவும் அறிவித்தாக வேண்டும். இடையில் ஆணைக்குழு தானே வழக்கைத் தொடங்கினால் தேசிய அதிகாரசபை அதே விடயத்தில் 101, 102ஐக் கையில் எடுக்க முடியாது. கோப்பு மேலே போவது உங்களுக்குத் தோல்வி அல்ல.

கருமபீடத்துக்குக் கருமபீடம் நடைமுறை மாறும். பிரசல்ஸ் ஆணைக்குழுவிடம் முறையாகப் போவதென்றால் சி படிவம். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் என்ற நலன் உங்களுக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். நான்கு மாதங்களுக்குள் முதற்பதில் தர முயல்வதாக ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. நிராகரித்தால் அதை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம். பானில் உள்ள ஜேர்மன் கார்ட்டல் அலுவலகத்தில் (கார்ட்டல் என்பது போட்டியாளர்களின் கூட்டுச்சதி) அப்படியான உரிமையை எதிர்பார்க்க வேண்டாம். எந்த முறைப்பாட்டை எடுப்பது என்பது அவர்கள் விருப்பம். பாரிஸில் நிறுவனங்கள் நேரடியாக முறைப்பாடு கொடுக்கலாம், ஆனால் போதிய சான்று இணைக்காதவை அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடியாகும். பான் அலுவலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போது கொழும்பில் பிற்பகல் ஒன்றரை, அங்கே கோடைகாலமானால் பன்னிரண்டரை. தொலைபேசியில் பேச வேண்டியதை நம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து போகும் முறைப்பாடு பெரும்பாலும் உடையக்கூடிய இடம் ஒன்றுதான்: ஒரே விலையைக் காட்டினால் போதும் என்ற நினைப்பு. போதாது. 1993இல் மரக்கூழ் உற்பத்தியாளர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், விலைகள் ஒன்றாக நகர்வதற்குச் சதி ஒன்றே நியாயமான விளக்கமாக இருந்தால்தான் அது சான்றாகும் என்று தெளிவாக்கியது. தேயிலையில் இது இன்னும் கடினம். கொழும்பு ஏல விலை எல்லோருக்கும் தெரியும். ஏலம் முடிந்த மறுநாள் ஐந்து வாங்குபவர்கள் ஒரே எண்ணை எழுதினால், ஐவரும் ஒரே அறிக்கையைப் பார்த்தார்கள் என்று சொல்லித் தப்பலாம். பேசிவைத்தார்கள் என்பதைக் காட்ட வேறு ஏதாவது வேண்டும்.

அந்த வேறு ஏதாவது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். வாங்குபவர் அனுப்பிய விலை மின்னஞ்சலின் அடியில், அழிக்க மறந்த பழைய உரையாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: போட்டி நிறுவனத்து முகாமையாளரின் பெயர், முந்தைய நாள் பிற்பகல் 4.12 என்ற நேரம், "நாங்களும் இதற்கு மேல் போகமாட்டோம்" என்ற ஒரு வரி. இந்த ஒரு தாள் விலைப்பட்டியல் நூறைவிடப் பெறுமதியானது. அதை அச்செடுத்தோ திரைப்பிடிப்பாகவோ அனுப்பக் கூடாது. மின்னஞ்சலை அதன் மூலக் கோப்பாகவே சேமியுங்கள்; தலைப்பகுதித் தரவில்தான் எந்தச் சேவையகத்திலிருந்து, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பது இருக்கும். வட்ஸ்அப் என்றால் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள்; நடுவில் வெட்டிய ஒரு திரைப்பிடிப்பை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார். அதன் மேல் ஒரு பக்க அட்டவணை: திகதி, தரம், அளவு, ஒவ்வொருவரும் சொன்ன விலை, அதே நாளில் சந்தை விலை. விலை மாற வேண்டிய காரணம் இருந்தும் மாறாத நாட்களை அடிக்கோடிடுங்கள். விசாரணை அலுவலர் முதலில் தேடுவது அந்த நாட்களைத்தான்.

இரண்டு பிரதி தயாரியுங்கள். ஒன்றில் எல்லாம் இருக்கட்டும். மற்றதில் வாடிக்கையாளர் பெயர், செலவு விபரம் போன்ற வியாபார இரகசியங்களை மறைத்துவிடுங்கள். வலையமைப்புக்குள் இரகசியத் தகவலையும் பரிமாற 1/2003 ஒழுங்குவிதியின் 12ஆம் உறுப்புரை இடம் கொடுப்பதால், பானுக்கு அனுப்பியது நாளை பாரிஸில் சான்றாகலாம். பெயர் வெளியே வரக் கூடாது என்றால் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். இது வெறும் எச்சரிக்கை அல்ல. சுவிஸ் மருந்து நிறுவனம் ஒன்றைப் பற்றி 1973இல் ஆணைக்குழுவுக்குத் தகவல் கொடுத்த ஸ்டான்லி அடம்ஸ் அடையாளம் தெரிந்துபோய்ச் சுவிட்சர்லாந்தில் கைதானார். ஆணைக்குழு தன் கடமையில் தவறியது என்று நீதிமன்றம் 1985இல்தான் சொன்னது. அந்தப் பாடத்தை இன்று அதிகாரசபைகள் மறக்கவில்லை. பெயர் தெரியாமல் இருவழியாகவும் செய்தி பரிமாறும் இணைய முறை பானில் 2012 முதல் இயங்குகிறது, ஆணைக்குழுவில் 2017 முதல். கொழும்பு ஏற்றுமதியாளருக்கு இந்தச் சேவையில் மிகவும் பயன்படும் பகுதி இதுதான். இரண்டே வாடிக்கையாளரை நம்பி இருப்பவர் வெளிப்படையாக முறைப்பாடு எழுதினால், அடுத்த பருவத்துக்கான ஓடர் வராமலே போகலாம்.

சரி, கோப்பை எடுத்துவிட்டார்கள். இனிமேல்தான் அவர்களுடைய உண்மையான பலம் தெரியும். 2018 டிசம்பரில் நிறைவேறி, 2021 பெப்ரவரி 4க்குள் உள்நாட்டுச் சட்டமாக்கப்பட வேண்டியிருந்த 2019/1 பணிப்புரை, 27 அதிகாரசபைகளுக்கும் குறைந்தபட்சம் ஒரே கைகளைக் கொடுத்தது. முன்னறிவிப்பின்றி வளவுக்குள், கட்டடத்துக்குள், வாகனத்துக்குள் நுழையலாம். எந்த ஊடகத்தில் இருந்தாலும் பதிவேட்டைப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், முடியாவிட்டால் தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்த் தேடலைத் தொடரலாம். அறைக்கு முத்திரை வைக்கலாம். ஊழியரிடம் ஆவணத்தைக் காட்டி விளக்கம் கேட்கலாம். வீட்டிலோ சொந்தக் காரிலோ ஆவணம் இருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால், நீதிமன்ற அனுமதியோடு அங்கும் போகலாம்.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய சொல், சோதிக்கப்படும் நிறுவனம் "அணுகக்கூடிய" எந்தத் தகவலும் என்பது. கொழும்பில் தலைமையகம், ஹாம்பர்க்கில் மூன்று பேர் வேலை செய்யும் கிளை. அந்த மூவரின் கணினியிலிருந்து கொழும்புச் சேவையகக் கோப்புறை திறக்குமானால் அதுவும் சோதனைக்கு உட்படும். அதிகாரி விமானம் ஏறிக் கொழும்புக்கு வரத் தேவையில்லை.

முத்திரை என்றால் என்ன? கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒட்டும் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அவ்வளவுதான். உரித்தால், ஒட்டியிருந்த பரப்பில் VOID (செல்லாது) என்ற சொல் வெளிவரும். 2006இல் மியூனிக்கில் ஆணைக்குழு ஈ.ஓன் மின்சக்தி நிறுவனக் கிளையில் ஒட்டிய முத்திரை மறுநாள் அந்த நிலையில் காணப்பட்டது. துப்புரவுத் திரவம் பட்டிருக்கலாம், முத்திரையின் பாவனைக் காலம் கடந்திருக்கலாம் என்றெல்லாம் நிறுவனம் வாதிட்டது. 2008இல் 38 மில்லியன் யூரோ தண்டம்; மேன்முறையீட்டிலும் அது நின்றது. அறைக்குள் இருந்து எதுவும் எடுக்கப்பட்டதாக நிரூபிக்கத் தேவையில்லை, பட்டை அறுந்ததே போதும். தேசிய அதிகாரசபைகளும் இதில் சளைத்தவை அல்ல. சோதனை நடக்கும்போதே ஓர் அலுவலரின் மின்னஞ்சல் பெட்டிக்குள் செய்தி வராமல் தடுத்ததற்காகவும் முத்திரை ஒன்றை உடைத்ததற்காகவும் பிரெஞ்சு அதிகாரசபை 2019இல் ஒரு பொறியியல் ஆலோசனைக் குழுமத்துக்கு 9 இலட்சம் யூரோ தண்டம் போட்டது.

தண்டத்தின் உச்சவரம்பு எந்த நாட்டிலும் நிறுவனத்தின் உலகளாவிய மொத்த வருமானத்தின் 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது பணிப்புரை. ஆனால் செய்தித் தலைப்பில் வரும் எண்ணை நம்பிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் பிரெஞ்சு அதிகாரசபை அப்பிளுக்கு விதித்த 110 கோடி யூரோவை, 2022 ஒக்டோபரில் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ 37 கோடியாகக் குறைத்தது. தண்டம் முழுதாகக் கைநழுவிய கதையும் உண்டு. ஜேர்மனியில் 2014இல் 21 சொசேஜ் உற்பத்தியாளர்களுக்கு மொத்தம் 33 கோடியே 80 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. ஒரு குழுமம் தண்டம் பெற்ற கம்பனிகளை மறுசீரமைத்துக் கலைத்துவிட்டது. தண்டம் செலுத்த வேண்டிய சட்ட ஆளே இல்லாமற் போனதால் 12 கோடியே 80 இலட்சம் யூரோ கைவிடப்பட்டது. ஜேர்மனியர் இதைச் "சொசேஜ் ஓட்டை" என்றே அழைத்தார்கள். 2017இல் உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். தாய்க் கம்பனியும் உரித்தாளரும் பொறுப்பு என்ற விதியை 2019/1 பணிப்புரை ஒன்றியம் முழுவதற்கும் ஆக்கியது.

27 அதிகாரசபைகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒஸ்திரியாவில் விசாரிப்பது ஓர் அலுவலகம், தண்டம் விதிப்பது கார்ட்டல் நீதிமன்றம். பின்லாந்திலும் தண்டத்துக்குச் சந்தை நீதிமன்றம் போக வேண்டும். சுவீடன் அதிகாரசபைக்குத் தானே தண்டம் விதிக்கும் அதிகாரம் 2021 மார்ச்சில்தான் வந்தது, அயர்லாந்துக்கு 2023இல். எந்த நாட்டு அதிகாரசபை கோப்பை எடுக்கிறது என்பது உங்கள் காத்திருப்பு எத்தனை வருடம் என்பதையும் தீர்மானிக்கும்.

இடைக்காலக் கட்டளை பற்றி அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். போட்டிக்குப் பாரதூரமான, ஈடுசெய்ய முடியாத தீங்கு வரும் என்று அவசரத்தோடு காட்ட வேண்டும். உங்கள் கம்பனிக்கு மட்டும் நட்டம் என்றால் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் கிடைத்துவிட்டால் அதற்குப் பல் உண்டு. செய்தி வெளியீட்டாளர்களுடன் நல்லெண்ணத்துடன் பேரம் பேசு என்று 2020 ஏப்ரலில் பிரெஞ்சு அதிகாரசபை போட்ட இடைக்காலக் கட்டளையை மதிக்கவில்லை என்பதற்காகக் கூகுளுக்கு 2021 ஜூலையில் 50 கோடி யூரோ தண்டம் விழுந்தது.

வாங்குபவர்களின் கூட்டுச்சதி பெரிதாக எடுக்கப்படாது என்று சிலர் நினைப்பதுண்டு. தவறு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் விவசாயிகளுக்குக் கொடுக்கும் புகையிலை விலையைப் பேசிவைத்த பதனிடுவோருக்கு ஆணைக்குழு 2004இல் 2 கோடி, 2005இல் 5 கோடியே 60 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. 2020 ஜூலையில் எதிலீன் கொள்வனவாளர்களுக்கு 26 கோடி. ஆனால் எல்லோரும் சேர்ந்து வாங்குவதே குற்றம் அல்ல. விற்பவருக்குத் தெரியும்படி ஒரே அமைப்பாக நின்று பேரம் பேசினால் அது கூட்டுக் கொள்வனவு. தனித்தனியாக வருவதுபோல் வந்து திரைமறைவில் விலையைப் பேசிவைத்தால்தான் சதி. சிறு கூட்டு என்றால் ஐரோப்பியச் சட்டமே பொருந்தாமல் போகலாம்: சேர்ந்த சந்தைப் பங்கு 5 சதவீதத்துக்கும், சேர்ந்து வாங்கிய அளவு வருடம் 4 கோடி யூரோவுக்கும் மேற்படாவிட்டால், நாடுகளுக்கிடையிலான வர்த்தகம் பாதிக்கப்படவில்லை என்றே ஆணைக்குழு கருதும். அப்போது அந்த நாட்டு உள்நாட்டுச் சட்டம்தான் கைகொடுக்கும்.

இதே கத்தி நம் பக்கமும் திரும்பும். ஏற்றுமதியாளர் சிலர் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கூடி, "ஐரோப்பாவுக்கு இந்த விலைக்குக் கீழ் எவரும் கொடுக்கக் கூடாது" என்று முடிவெடுத்தால், கூட்டம் இலங்கையில் நடந்தது என்பது காப்பாற்றாது. ஒன்றியத்துக்கு வெளியே இருந்த மரக்கூழ் விற்பனையாளர்களும் பேசிவைத்த விலையை ஒன்றியத்துக்குள் நடைமுறைப்படுத்தினால் சட்டம் அவர்களைப் பிடிக்கும் என்று 1988இலேயே தீர்ப்பாகிவிட்டது. அப்படியான ஒன்றில் ஏற்கனவே மாட்டிக்கொண்டவருக்கு வழி, லீனியன்சி எனப்படும் தண்ட விலக்கு. முதலில் வந்து எல்லாவற்றையும் சொல்பவருக்கு முழு விலக்கு, பின்னால் வருபவர்களுக்குக் கழிவு. மற்றவர்களை வற்புறுத்திச் சேர்த்தவருக்கு முழு விலக்கு இல்லை. முழுக் கோப்பு தயாராகும்வரை வரிசையில் இடம் பிடிக்க மார்க்கர் கேட்கலாம். அதற்குப் பெயர், முகவரி, எதற்காக அஞ்சுகிறீர்கள், யார் யார், எந்தப் பொருள், எந்த நாடு, எவ்வளவு காலம், வேறெங்கு விண்ணப்பித்தீர்கள் என்ற விபரம் போதும். பலரும் தவறிவிடும் இடம் இது: பானில் பிடித்த இடம் பாரிஸில் செல்லாது. மூன்று நாடுகளுக்கு மேற்பட்ட விடயமாக ஆணைக்குழுவிடம் முழு விண்ணப்பம் போட்டவர், தேசிய அதிகாரசபைகளிலும் இடம் பிடிக்க அவற்றுக்குச் சுருக்க விண்ணப்பமும் போடலாம்.

கொழும்பு ஏற்றுமதியாளரின் மனக்குறைகளில் கணிசமானவை உண்மையில் கார்ட்டல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பணம் நான்கு மாதம் பிந்துகிறது, வாங்குபவர் விலையை ஒருதலையாக மாற்றுகிறார், எழுத்தில் ஒப்பந்தம் தர மறுக்கிறார். இவற்றுக்கு 2019/633 பணிப்புரை இருக்கிறது. விவசாய, உணவுப் பொருள்களுக்கு, விற்பவர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் வாங்குபவர் உள்ளே இருந்தால் பொருந்தும்; தேயிலையும் வாசனைத் திரவியங்களும் அதற்குள் அடங்கும். பழுதடையும் பொருளுக்கு 30 நாட்கள், மற்றவற்றுக்கு 60 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். உங்கள் வருட வருமானம் 20 இலட்சம் யூரோ வரை, வாங்குபவருடையது அதற்கு மேல் என்பதுபோல் படிப்படியாக, 35 கோடி வரை பாதுகாப்பு உண்டு. கேட்டால் பெயரையும் மறைப்பார்கள். ஆனால் கருமபீடம் மாறும்: நெதர்லாந்தில் அதே போட்டி அதிகாரசபை, ஜேர்மனியில் கார்ட்டல் அலுவலகம் அல்ல, விவசாய உணவுச் சமஷ்டி அலுவலகம். தவறான மேசையில் கொடுத்த கோப்பு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். சாதாரணச் சிறு ஏற்றுமதியாளருக்கு நாங்கள் முதலில் காட்டுவது இந்த வழியைத்தான்.

லண்டனுக்கு அனுப்புபவர்கள் கவனிக்க: 2021 தொடக்கத்திலிருந்து பிரித்தானிய அதிகாரசபை இந்த வலையமைப்புக்குள் இல்லை. அங்கே கொடுத்த முறைப்பாடு பாரிஸுக்குப் போகாது. தனியாகவே கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஈடாக இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விலை, தரம் பற்றி முறையிடுவது பலருக்கும் தெரியும். அதே சட்டத்தில் போட்டிக்கு எதிரான நடைமுறையை விசாரிக்கும் அதிகாரமும் இருப்பது வணிகர்கள் பலருக்கும் தெரியாது. ஆனால் பானோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரியது. முதலில் சொல்லும் கார்ட்டல் உறுப்பினருக்கு விலக்குத் திட்டம் இல்லை. உலக வருமானத்தில் சதவீதமாகத் தண்டம் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த கம்பனி இணைப்புக் கட்டுப்பாடு 2003இல் கைவிடப்பட்டது. 2021 திருத்தம் தண்டத்தை உயர்த்தியது, ஆனால் அது உச்ச விலையை மீறி விற்பவருக்கானது. திறமையான அலுவலர் எத்தனை பேர் இருந்தாலும், சட்டம் கையில் கொடுக்காத கருவியை அவர்கள் எப்படிப் பாவிப்பார்கள்?

கடைசியாகப் பணம். தண்டம் அரசாங்கத் திறைசேரிக்குப் போகும். உங்களுக்கு ஒரு சதமும் வராது. நட்டஈட்டுக்குத் தனியே வழக்குப் போட வேண்டும். அதில் அதிகாரசபையின் தீர்மானம் பெரிய துணை: 2014/104 பணிப்புரைப்படி, இறுதியான மீறல் தீர்மானத்தை அதே நாட்டு நீதிமன்றத்தில் மறுத்து வாதிட முடியாது, வேறு நாட்டில் அது முதற்தோற்றச் சான்றாக நிற்கும். வழக்குப் போடக் குறைந்தது ஐந்து வருடம், அதுவும் மீறல் நின்று, அது உங்களுக்குத் தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. லீனியன்சி வாக்குமூலத்தை மட்டும் எந்த நீதிமன்றமும் உங்களுக்குத் திறந்து காட்டாது. ஆகவே அந்த வருடங்களின் விலை மின்னஞ்சல், இன்வொய்ஸ், கப்பல் பட்டியல் எல்லாம் உங்கள் அலுமாரியிலேயே இருக்க வேண்டும். கணக்காய்வு முடிந்துவிட்டது என்று பழைய கோப்புகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.